காலில் வலு குறைவதற்குக் காரணம் இடுப்பெலும்பா, தண்டுவடத்து இரத்தக்குழாயா?

பதிவு 1 | ரப்பர்விதை (சுங்கை சிப்புட், பேராக்)

அனைவருக்கும் வணக்கம். என் அப்பாவுக்கு 61 வயது. சுங்கை சிப்புட்டை ஒட்டிய ஒரு தோட்டத்தில் இளம் வயதில் ரப்பர் மரத்தில் பால் வெட்டினார். மரங்களை அழித்துச் செம்பனை நட்ட பிறகு குலை அறுப்புக்கு மாறினார். ஒன்றேகால் ஆண்டுக்கு முன்பு அவருடைய கால்களில் ஒரு மாற்றம் தொடங்கியது. காலையில் பெரட்டுக்கு (வேலைக்கு ஆள்கணக்கு எடுக்கும் இடத்துக்கு) நன்றாகத்தான் நடந்து போவார். குலைகளைத் தள்ளுவண்டியில் ஏற்றி நாலைந்து நிரை தள்ளிய பிறகு இரண்டு கால்களும் கட்டையைப்போல் ஆகிவிடும் என்பார். மரத்தடியில் கால் மணி நேரம் உட்கார்ந்தால் மீண்டும் நடக்க முடியும். அதனால் நாங்களும் அதை வயதின் சோர்வு என்றே எண்ணிக்கொண்டோம்.

ஒரு நாள் மழை விட்ட பிறகு கடைக்குப் போய்த் திரும்பியவர் வாசலில் நின்றபோது, இடது காலில் செருப்பு இல்லாததை அம்மாதான் பார்த்தார். செருப்பு பாதி வழியில் செம்மண் சேற்றில் புதைந்து கிடந்தது. அது கழன்றதும் அப்பாவுக்குத் தெரியவில்லை, வெறுங்காலோடு ஜல்லியில் நடந்து வந்ததும் தெரியவில்லை. அன்றுதான் எனக்குப் பயம் வந்தது.

ஒரு மருத்துவமனையில் இடுப்புக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். நான்காவது, ஐந்தாவது இடுப்பு முள்ளெலும்புகளுக்கு இடையே உள்ள வட்டு பிதுங்கியிருப்பதாகக் கூறி உடற்பயிற்சிச் சிகிச்சைக்கு அனுப்பினார்கள். ஒன்பது மாதம் போனோம், முன்னேற்றம் எதுவும் இல்லை. பிறகு சிறுநீர் அடைபட்டது. மீண்டும் சேர்த்தபோது தண்டுவட அழற்சியாக இருக்கலாம் என்று ஸ்டீராய்டு மருந்தை நரம்பு வழியாகச் செலுத்தினார்கள். இரண்டாம் நாள் இரவு அப்பா இரண்டு கால்களையும் அசைக்க முடியாமல் கிடந்தார். மருந்தை நிறுத்திய பிறகு சற்றே அசைவு திரும்பியது.

அதன் பிறகு இளம் கதிரியக்க மருத்துவர் ஒருவர் அந்தப் பழைய இடுப்புப் படத்தை மறுபடியும் எடுத்துப் பார்த்து, முதுகு முழுவதற்கும் புதிதாகப் படம் எடுக்கச் சொன்னார். இப்போது, தண்டுவடத்தின் உறையில் தமனியும் சிரையும் தவறாக இணைந்திருக்கும் கோளாறு என்கிறார்கள். அடுத்த வாரம் ஆஞ்சியோகிராம், அதாவது இரத்தக்குழாய்க்குள் மருந்து செலுத்தி எடுக்கும் படம். எனக்கு மூன்று கேள்விகள் உள்ளன. இது என்ன நோய்? எம்.ஆர்.ஐ. படத்திலேயே தெரிந்துவிட்டது என்றால் ஆஞ்சியோகிராம் ஏன் வேண்டும்? அந்த ஸ்டீராய்டு அப்பாவுக்குக் கெடுதல் செய்திருக்குமா?

பதிவு 2 | நிழற்படம்

வணக்கம் தங்கை. நான் நரம்பியல் கதிரியக்கத் துறையில் பணியாற்றுகிறேன். உங்கள் அப்பாவின் படங்களை நான் பார்க்கவில்லை. ஆகவே அவரைப் பற்றி முடிவாக எதையும் கூற மாட்டேன், நோயைப் பற்றி மட்டும் விளக்குகிறேன்.

தண்டுவடத்தைச் சுற்றியுள்ள உறைகளில் வெளியே இருப்பது டியூரா. ஒவ்வொரு நரம்பு வேரும் அந்த உறையைத் துளைத்து வெளியேறும் இடத்தில் ஒரு நுண்தமனி அதற்கு இரத்தம் கொடுக்கிறது. இந்த நோயில் அந்த நுண்தமனி, இடையில் தந்துகிகள் (மிக நுண்ணிய இரத்தக்குழாய்கள்) எதுவும் இல்லாமல், பக்கத்தில் உள்ள சிரைக்குள் நேராகத் திறந்துகொள்கிறது. தண்டுவடத்திலிருந்து இரத்தத்தை வடித்து வெளியே எடுத்துச் செல்ல வேண்டிய சிரைக்குள் தமனியின் அழுத்தம் ஏறி, ஓட்டம் உள்நோக்கித் திரும்புகிறது. தோட்டத்துக் கானில் (வடிகாலில்) பம்பு வைத்துத் தண்ணீரை எதிர்த்திசையில் ஏற்றினால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். நிரைகளில் இருக்கும் நீர் வடிய வழியில்லாமல் தேங்கி வேர் அழுகும். தண்டுவடத்திலும் அதுதான் நடக்கிறது. புது இரத்தம் உள்ளே வர இடமில்லாமல் வீக்கம் ஏற்படுகிறது. பொதுவாக இங்கே இரத்தக்கசிவு ஏற்படுவதில்லை. தேக்கந்தான் நோய்.

நிமிர்ந்து நிற்கும்போது சிரை அழுத்தம் கீழ்முனையில்தான் அதிகம். அதனால் தவறான இணைப்பு மார்புப் பகுதியில் இருந்தாலும் தண்டுவடத்தின் கூம்பு போன்ற கீழ்நுனியே முதலில் பாதிக்கப்படுகிறது. கால், உணர்ச்சி, சிறுநீர் ஆகிய மூன்றும் சேர்ந்து கெடுவதற்கும், உழைத்த பிறகு மோசமாகி ஓய்ந்தால் தேறுவதற்கும் இதுவே காரணம். தண்டுவட இரத்தக்குழாய்க் கோளாறுகளில் ஏறத்தாழ 70 விழுக்காடு இந்த வகையைச் சேர்ந்தவை. ஆனாலும் மொத்த மக்கள்தொகையில் இது மிக அரிது. ஐம்பது வயதைக் கடந்த ஆண்களிடமே பெரும்பாலும் காணப்படுகிறது. அந்த வயதில் பெரும்பாலோருடைய இடுப்பைப் படம் எடுத்தால் ஏதாவது ஒரு வட்டு பிதுங்கித்தான் இருக்கும். தேய்வு கண்ணுக்குத் தெரிவதால் தேடல் அங்கேயே நின்றுவிடுகிறது. நோயறியாமல் ஓராண்டு, இரண்டாண்டு கடந்துபோவது உலகம் முழுவதும் நடக்கும் துயரம்.

மருத்துவ உலகமே இதை நெடுங்காலம் தவறாகத்தான் புரிந்துகொண்டிருந்தது. 1926-இல் பிரான்சில் ஃபுவா, அலழுவானின் என்ற இருவர் தண்டுவடம் படிப்படியாகச் செயலிழந்த நோயாளிகளை விவரித்தார்கள். அதன் பிறகும் பல ஆண்டுகள், தண்டுவடத்தின் மேல் புடைத்துக் கிடக்கும் சிரைகளே நோய் என்று எண்ணி அறுவை மருத்துவர்கள் அவற்றை உரித்து எடுத்தார்கள். குற்றம் சிரையில் இல்லை, உறையில் இருக்கும் அந்தச் சிறு இணைப்பில்தான் இருக்கிறது என்பதை 1977-இல் கெண்டல், லோக் ஆகிய இருவரும் ஆஞ்சியோகிராம் படங்களைக் கொண்டு காட்டினார்கள். வடிகாலாகிய சிரைகளைப் பறித்த காலம் போய், இணைப்பை மட்டும் துண்டிக்கும் காலம் அதற்குப் பிறகே வந்தது.

எம்.ஆர்.ஐ. படத்தில் நாங்கள் தேடுவது இரண்டு அடையாளங்களை. டி2 வகைப் படத்தில் தண்டுவடத்தின் நடுப்பகுதி பல முள்ளெலும்புகளின் உயரத்துக்கு வெளுத்துத் தெரியும். அதன் பின்புறத்தில், தண்டுவட நீரின் வெண்மைக்குள், எறும்பு ஊர்வதைப்போலச் சிறு கறுப்புப் புள்ளிகள் வளைந்து வளைந்து வரிசையாகத் தெரியும். அவை இரத்தம் விரைந்தோடும் சிரைகள். இடுப்புக்கு எடுத்த படத்திலும் தண்டுவடத்தின் கீழ்நுனி மேல்விளிம்பில் ஒரு விரற்கடை அளவுக்கு இடம்பெற்றிருக்கும். உங்கள் இளம் மருத்துவர் அந்த மேல்மூலையைத்தான் பார்த்திருப்பார் என்று நம்புகிறேன். அவரை மனதாரப் பாராட்டுகிறேன்.

உங்கள் மூன்றாம் கேள்விக்கு நேரடியாகவே பதில் சொல்கிறேன். இந்த நோய் உள்ளவர்களுக்கு அதிக அளவில் ஸ்டீராய்டு கொடுத்ததும் சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ கால்கள் திடீரென்று செயலிழந்ததைப் பல மருத்துவக் குழுக்கள் பதிவு செய்திருக்கின்றன. அழற்சிக்கு மருந்தாவது, தேக்கத்துக்கு எதிரியாகிவிடுகிறது. மருந்தை நிறுத்தியதும் ஓரளவு தேறினார் என்று எழுதியிருக்கிறீர்கள். இந்தத் தகவலை அடுத்து அப்பாவைப் பார்க்கும் ஒவ்வொரு மருத்துவரிடமும் தவறாமல் கூறுங்கள்.

பதிவு 3 | மூன்றாம்லயம்

நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தோட்டத்து டிரெசராக (மருத்துவ உதவியாளராக) இருந்து ஓய்வு பெற்றவன். இந்தப் பதிவுகளைப் படித்ததிலிருந்து என் மனம் ஒரு நிலையில் இல்லை. எங்கள் தோட்டத்தில் கங்காணி ஒருவர் இருந்தார். முதலில் நடை தள்ளாடியது, பிறகு கோல், பிறகு கட்டில். "வாதம்" என்று எல்லோரும் கூறினோம். எண்ணெய் காய்ச்சி உருவினார்கள். நான் வைட்டமின் ஊசி போட்டேன். அவருக்கு இதே நோய்தான் இருந்தது என்று இன்று என்னால் கூற முடியாது. ஆனால் அவர் என்னிடம் ஒருமுறை, "ஐயா, உக்காந்தா சரியாயிடுது, நடந்தாத்தான் கெடுது" என்றார். அதை நான் எங்கும் எழுதி அனுப்பவில்லை.

மருத்துவரிடம் ஒன்று கேட்க விரும்புகிறேன். படம் எடுக்கும் கருவி எதுவும் இல்லாத இடத்தில் இருப்பவர்கள், இடுப்புத் தேய்வையும் இந்த நோயையும் எப்படிப் பிரித்தறிவது?

பதிவு 4 | நிழற்படம்

முழுமையாகப் பிரிக்க முடியாது ஐயா, சந்தேகிக்க முடியும். இடுப்பு முள்ளெலும்புகளுக்குள் நரம்புகள் செல்லும் கால்வாய் சுருங்கியவர்களுக்கும் நடந்தால் கால் வலிக்கும், உட்கார்ந்தால் தேறும். ஆனால் அவர்களில் பெரும்பாலோர் வலியைத்தான் முதலில் கூறுவார்கள், முன்பக்கம் குனிந்து நடந்தால் அவர்களுக்குச் சற்று இலகுவாக இருக்கும். இந்த நோயாளிகள் வலியைவிட வலுவின்மையையும் மரத்துப்போவதையும் அதிகம் கூறுவார்கள். சிறுநீர், மலம், ஆண்மை ஆகியவற்றைக் கேட்டால்தான் கூறுவார்கள். நம் ஆண்கள் கேட்டாலும் மகள் பக்கத்தில் இருந்தால் கூற மாட்டார்கள். மகளைச் சற்று வெளியே இருக்கச் சொல்லிவிட்டுக் கேட்க வேண்டும்.

பாதத்தின் அடியைக் கீறிப் பார்க்கையில் பெருவிரல் மேல்நோக்கி எழுந்தால், கோளாறு இடுப்பு நரம்பில் இல்லை, அதற்கு மேலே தண்டுவடத்திலோ மூளையிலோ இருக்கிறது என்று பொருள். அப்போது இடுப்பை மட்டும் படம் எடுப்பது போதாது. இதற்குக் கருவி எதுவும் வேண்டாம், சாவியின் முனை போதும்.

இன்னொன்றையும் இங்கே வலியுறுத்த விரும்புகிறேன். படம் தானாகப் பேசாது. விண்ணப்பப் படிவத்தில் "முதுகுவலி" என்று ஒற்றைச் சொல் எழுதி வந்தால், படம் எடுப்பவர் இடுப்பைத்தான் எடுப்பார், வாசிப்பவர் வட்டைத்தான் வாசிப்பார். "நடந்தால் இரு கால்களும் தளர்கின்றன, ஓய்ந்தால் தேறுகின்றன, செருப்பு கழன்றது தெரியவில்லை, சிறுநீர் தடைப்படுகிறது" என்று எழுதி வந்திருந்தால் அதே கருவி வேறு படத்தைக் கொடுத்திருக்கும். அந்தச் செருப்பைப் பற்றி யாராவது படிவத்தில் எழுதினார்களா, தங்கை?

பதிவு 5 | ரப்பர்விதை

இல்லை டாக்டர். நானும் கூறவில்லை. வீட்டுக் கதை என்று விட்டுவிட்டேன்.

பதிவு 6 | பால்வாளி

உங்களைக் குறை கூறிக்கொள்ளாதீர்கள் தங்கை. நானும் அப்படித்தான் ஒன்றைக் கூறாமல் விட்டேன். என் கணவர் வேலைக்குப் போகும் வழியில் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து கன்னத்தில் அடிபட்டார். அன்று எடுத்த ஸ்கேனில் மூளையில் இரத்தக்கசிவு இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். மூன்று வாரம் கழித்து வலது கண் சிவந்தது. கிளினிக்கில் கண்நோய் என்று சொட்டுமருந்து கொடுத்தார்கள். பீளை இல்லை, அரிப்பு இல்லை, கண் மட்டும் நாளுக்கு நாள் வெளியே பிதுங்கியது. வெள்ளை விழியில் இரத்தக்குழாய்கள் திருகாணி போலச் சுருண்டு நிமிர்ந்து நின்றன. இரவில் அவர், "தலைக்குள்ள யாரோ மரம் அறுக்கிற மாதிரி இருக்கு" என்பார். விபத்துக்குப் பிறகு அவர் மனம் கலங்கிவிட்டது என்றே நினைத்து, அந்தச் சத்தத்தை நான் எந்த மருத்துவரிடமும் கூறவில்லை.

ஒரு கண் மருத்துவர்தான், கண்ணுக்குள் அழுத்தம் அதிகம், இது வெறும் கண்நோய் இல்லை என்று கூறிப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார். கழுத்திலிருந்து மூளைக்குப் போகும் கரோட்டிட் தமனி, கண்ணுக்குப் பின்னால் உள்ள கேவர்னஸ் சிரைக்குழிக்குள் கிழிந்து திறந்திருந்தது. அதை நுண்காயில்களால் (மெல்லிய சுருள் கம்பிகளால்) அடைத்தார்கள். மயக்கம் தெளிந்ததும் அவர் கூறிய முதல் சொல், "சத்தம் நின்னுடுச்சு." கண் உள்ளே போக ஏழெட்டு வாரம் ஆனது. வேலைக்குப் போகும் வழியில் நடந்த விபத்து என்பதால் பெர்கேசோவில் (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தில்) விண்ணப்பித்தோம். மற்றவர்களும் அதை மறக்க வேண்டாம்.

பதிவு 7 | மூன்றாம்லயம்

அந்தச் சத்தத்தை வெளியிலிருந்தும் கேட்க முடியும், அம்மா. நான் பயிற்சி பெற்ற காலத்தில், கண்ணை மூடச் சொல்லி இமையின் மேல் ஸ்டெதாஸ்கோப்பின் மணி போன்ற பக்கத்தை மெதுவாக வைத்து, மறு கண்ணைத் திறந்து வைத்திருக்கச் சொல்வார்கள். இமை துடிக்கும் ஓசை அப்போது அடங்கும். நாடித்துடிப்போடு சேர்ந்து "உஸ்... உஸ்..." என்ற ஓசை கேட்டால் அது இரத்தக்குழாய்தான். காதுக்குப் பின்னால் உள்ள எலும்பின் மேலும் அப்படியே வைத்துக் கேட்கலாம். இந்தக் காலத்தில் இதை யார் செய்கிறார்கள் என்று தெரியவில்லை. கிளினிக்குகளில் பணிபுரியும் இளையவர்கள் இதைப் படித்தால், சிவந்த கண்ணோடு வருபவரிடம் "அண்மையில் விழுந்தீர்களா, தலைக்குள் சத்தம் கேட்கிறதா" என்ற இரண்டு கேள்விகளையாவது கேளுங்கள் என்று வேண்டுகிறேன்.

பதிவு 8 | ஈயக்கவசம்

நான் ஆஞ்சியோ அறையில் ரேடியோகிராபராக இருக்கிறேன். பால்வாளி அக்கா கூறியது நேரடி வகை இணைப்பு. அந்த நோயில் சாதாரண சி.டி. படத்திலேயே ஒரு தடயம் கிடைக்கும்: கண்குழியின் மேற்பகுதியில் ஓடும் சிரை, மறுபக்கத்தோடு ஒப்பிட்டால் பென்சில் அளவுக்குப் புடைத்து நிற்கும். இதே இணைப்பில் மெதுவாக ஓடும் மறைமுக வகையும் உண்டு. அது அடிபடாமலேயே, பெரும்பாலும் நடுவயதைக் கடந்த பெண்களுக்கு வரும், சிலருக்குத் தானாகவே மூடிக்கொள்ளும். 1985-இல் பாரோ இவற்றை ஏ முதல் டி வரை நான்காகப் பிரித்த முறையைத்தான் இன்றும் அறிக்கைகளில் எழுதுகிறார்கள். கழன்றுகொள்ளும் சிறு பலூனைத் தமனி வழியாக அனுப்பிக் கிழிசலை அடைக்கும் முறையை மாஸ்கோவின் செர்பினென்கோ 1974-இல் வெளியிட்டார். மின்சாரத்தால் கழன்றுகொள்ளும் பிளாட்டின காயிலைக் குக்லியெல்மி உருவாக்கினார், 1990-இல் அதை முதன்முதலாக நோயாளிக்குப் பயன்படுத்தினார்கள். மண்டை ஓட்டைத் திறக்காமல் இரத்தக்குழாய் வழியாகவே உள்ளே போய் அடைப்பதற்கு வழி திறந்தவர்கள் அவர்கள்.

தங்கைக்கு அடுத்த வாரம் என்ன நடக்கும் என்பதைக் கூறுகிறேன். அப்பாவுக்குத் தொடையிடுக்கில் சிறு துளையிட்டு, நூல் போன்ற கம்பியின் மேல் மெல்லிய குழாயை ஏற்றுவார்கள். 1953-இல் ஸ்வீடனின் செல்டிங்கர் காட்டிய வழி இது. குழாய் பெருந்தமனிக்குள் ஏறி, ஒவ்வொரு விலா எலும்பின் கீழும், இடுப்பின் இரு பக்கமும் பிரியும் தமனிகளின் வாயில் ஒவ்வொன்றாக நுழைந்து, சிறிதளவு அயோடின் மருந்தைச் செலுத்திப் படம் எடுக்கும். முழுமையாகத் தேடினால் முப்பது தமனிகளைத் தாண்டும். அதனால்தான் தண்டுவட ஆஞ்சியோ, மூளை ஆஞ்சியோவைவிட நீண்ட நேரம் எடுக்கும். மூச்சு அசைந்தால் படம் கலங்கிவிடும் என்பதால் பல இடங்களில் முழு மயக்கம் கொடுத்தே செய்கிறார்கள். எம்.ஆர்.ஐ. ஆஞ்சியோ எந்த முள்ளெலும்பு உயரத்தில் தேட வேண்டும் என்று முன்கூட்டியே காட்டியிருந்தால் ஊசிமருந்தும் கதிர்வீச்சும் வெகுவாகக் குறையும். அதைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்கு நீரிழிவு இருந்து மெட்ஃபோர்மின் மாத்திரை சாப்பிடுகிறார் என்றால், சிறுநீரக இரத்தப் பரிசோதனை எப்படி இருக்கிறது என்பதோடு சேர்த்து முன்கூட்டியே கூறிவிடுங்கள். முடிந்த பிறகு சில மணி நேரம் காலை மடக்காமல் மல்லாந்து படுத்திருக்க வேண்டும். தோட்டத்து ஆட்கள் சும்மா படுத்திருப்பதைத் தாங்க மாட்டார்கள். "சிறுநீர் கழிக்க எழுந்தேன்" என்று கூறித் தொடையில் இரத்தம் கட்டிக்கொண்ட பெரியவர்களை நான் பார்த்திருக்கிறேன். பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

பதிவு 9 | செம்மண்பாதை

நல்ல விளக்கங்கள்தாம். ஆனாலும் என் ஐயத்தைக் கூற வேண்டியிருக்கிறது. எம்.ஆர்.ஐ. காட்டிவிட்டது, சி.டி. ஆஞ்சியோவும் இருக்கிறது. அப்படியிருக்க 61 வயது மனிதரின் பெருந்தமனிக்குள் குழாய் விட்டு மணிக்கணக்கில் தேடுவது எதற்காக? என் உறவினர் ஒருவருக்குத் தலைக்கு ஆஞ்சியோ செய்த மறுநாள் பேச்சுக் குழறியது. செலவும் இருக்கிறது. நோயாளியிடம் ஆபத்தை மறைக்காமல் கூறுகிறார்களா?

பதிவு 10 | நிழற்படம்

கேட்க வேண்டிய கேள்விதான். உங்கள் உறவினருக்கு நேர்ந்தது மெய்யான ஆபத்து. மூளை ஆஞ்சியோவில் நிலையான பக்கவாதம் ஏற்படுவது நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு என்றாலும், அது நேர்ந்த வீட்டுக்கு அந்தக் கணக்கால் பயனில்லை. ஒப்புதல் கையெழுத்து வாங்குவதற்கு முன்பு இதைத் தாய்மொழியில் கூற வேண்டியது எங்கள் கடமை. கூறாவிட்டால் நீங்கள் நிறுத்திக் கேட்க வேண்டும்.

ஆனால் ஆஞ்சியோவைத் தவிர்த்தால் இந்த நோயில் நாம் இழப்பது எது என்பதையும் பாருங்கள். எம்.ஆர்.ஐ. "தேக்கம் இருக்கிறது" என்று கூறும். எந்த இடத்திலிருந்து அழுத்தம் ஏறுகிறது என்பதை, பல முள்ளெலும்புகள் நெடுக ஒரே சிரைக்கூட்டம் பரவிக் கிடக்கையில், அதனால் எப்போதும் துல்லியமாகக் காட்ட முடியாது. அறுவை மருத்துவர் முதுகைத் திறக்க வேண்டிய இடம் சில சென்டிமீட்டர்தான். இடம் தவறினால் இன்னொரு முறை திறக்க வேண்டும். இதைவிட முக்கியமான காரணம் ஒன்று இருக்கிறது. தண்டுவடத்தின் முன்பகுதிக்கு உயிரூட்டும் பெரிய தமனி ஒன்று உண்டு, அதை அடாம்கேவிச் தமனி என்பார்கள். பெரும்பாலோருக்கு இடப்பக்கத்தில் மார்பின் கீழ்ப்பகுதியிலிருந்து கிளம்பி, மேலே ஏறி, கொண்டை ஊசி போல வளைந்து இறங்கும். நோயுள்ள கிளையும் இந்தத் தமனியும் ஒரே தண்டிலிருந்து பிரிந்தால், அங்கே அறுவைக்குப் பதிலாகக் குழாய் வழியாகப் பசை செலுத்தி அடைப்பது இரு கால்களையும் ஒரு நொடியில் பறித்துவிடும். அந்தக் கொண்டை ஊசி வளைவை நம்பகமாகக் காட்டுவது குழாய் வழி ஆஞ்சியோதான். எலும்பின் நிழலைக் கணினி கழித்துவிட்டு இரத்தக்குழாயை மட்டும், நொடிக்கு நொடி, எது முதலில் நிரம்புகிறது எது பிறகு நிரம்புகிறது என்ற வரிசையோடு காட்டுவதால், இதற்கு ஈடான வேறு படம் இன்றுவரை இல்லை. 1927-இல் லிஸ்பனில் எகாஸ் மோனிஸ் உயிருள்ள மனிதரின் மூளைத் தமனிகளை முதன்முதலாகப் படமாக்கியபோது தொடங்கிய வேலை இது.

தலையிலும் இதே நியாயம்தான். மூளையின் உறையில் உண்டாகும் இணைப்பு, பெரிய சிரைக்குழிக்குள் மட்டும் வடிந்தால் காதில் சத்தம் கேட்பதோடு நிற்கும், பலருக்கு மருந்துகூட வேண்டியதில்லை. அதுவே மூளையின் மேற்பரப்புச் சிரைகளுக்குள் திரும்பி ஓடினால் இரத்தக்கசிவு எப்போது வேண்டுமானாலும் நேரலாம். 1995-இல் வெளிவந்த போர்டன், கொன்யார் ஆகிய இரு வகைப்பாடுகளும் இந்த வேறுபாட்டை முக்கிய அடிப்படையாகக் கொண்டவை. ஒருவருக்குச் சும்மா இருக்கலாம் என்றும், இன்னொருவருக்கு இந்த வாரமே அடைக்க வேண்டும் என்றும் தீர்மானிப்பது அந்த ஓட்டத்தின் திசைதான்.

செலவைப் பொறுத்தவரை, அரசாங்க மருத்துவமனையில் நிபுணரைப் பார்க்கும் கட்டணம் சிறியது. காயில், பசை போன்ற பொருள்களுக்குத் தனியாகப் பணம் கட்டச் சொன்னால், மருத்துவமனையிலேயே இருக்கும் மருத்துவச் சமூகநலப் பிரிவை அணுகுங்கள். கடன் வாங்கும் முன்பு அங்கே போங்கள்.

பதிவு 11 | இசைவகுப்பு

நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தி ரெக்கார்டர் ஊதும்போதெல்லாம் அதைக் கீழே போட்டுவிடுவாள். கவனக்குறைவு என்று இருமுறை கண்டித்தேன். மூன்றாம் முறை அவள் குனிந்து எடுக்கப் போனபோது வலக்கை தொங்கியது, வாயின் ஒரு பக்கம் இறங்கியிருந்தது. ஐந்து நிமிடத்தில் எல்லாம் சரியாகிவிட்டது. தாயாரிடம் கேட்டபோது, சூடான மீ (நூடுல்ஸ்) ஊதிச் சாப்பிடும்போதும், நெடுநேரம் அழுதாலும் இப்படி ஆகும் என்றார். நாங்கள் இருவரும் சேர்ந்து அவற்றை ஒரு தாளில் எழுதி மருத்துவரிடம் கொடுத்தோம். அது மோயமோயா நோய் என்று கண்டுபிடித்து அறுவை செய்தார்கள். பிள்ளை இப்போது ஐந்தாம் ஆண்டில் படிக்கிறாள். ஊதுவதற்கும் கை தொங்குவதற்கும் என்ன தொடர்பு என்பது மட்டும் எனக்கு இன்னும் முழுமையாக விளங்கவில்லை.

பதிவு 12 | நிழற்படம்

டீச்சர், அந்தத் தாள் அந்தப் பிள்ளையின் வலக்கையைக் காப்பாற்றியிருக்கக்கூடும். வேகமாக ஊதினாலும் தேம்பி அழுதாலும் இரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது, அது குறைந்தால் மூளையின் தமனிகள் சுருங்குகின்றன. நல்ல தமனி உள்ளவருக்கு அதனால் தீங்கில்லை. மோயமோயாவில் கழுத்திலிருந்து வரும் தமனி மண்டைக்குள் நுழைந்து கிளை பிரியும் இடத்தில் மெல்ல மெல்ல அடைபட்டு, மயிரிழை போன்ற மாற்றுக்குழாய்களை நம்பியே மூளை பிழைக்கிறது. அவையும் சுருங்கினால் அந்தப் பகுதி சில நிமிடம் பட்டினி கிடக்கும். ஆஞ்சியோவில் அந்த மாற்றுக்குழாய்கள் புகை படர்ந்ததைப்போலத் தெரிவதால் ஜப்பானியச் சொல்லான மோயமோயா என்ற பெயரை 1969-இல் சுசுகி, தகாகு ஆகியோர் நிலைநிறுத்தினார்கள். சிகிச்சையில் அடைப்பைத் திறப்பதில்லை. நெற்றிப்பொட்டின் தோலுக்கடியில் ஓடும் தமனியை மூளையின் மேற்பரப்பில் கிடத்தியோ, மூளைத் தமனியோடு நேராகத் தைத்தோ புதிய வழி கொடுக்கிறார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல், வயிற்றுப்போக்கு வந்தால் உடம்பில் நீர் வற்றாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

பதிவு 13 | ரப்பர்விதை

எல்லோருக்கும் நன்றி. சென்ற வியாழக்கிழமை ஆஞ்சியோ நடந்தது. இடப்பக்கம், ஒன்பதாம் மார்பு முள்ளெலும்பு உயரத்தில் இணைப்பு இருக்கிறது. மருத்துவர் கணினித் திரையில் என்னையும் பார்க்கச் சொன்னார். அதே தண்டிலிருந்து மேலே ஏறி வளைந்து இறங்கும் ஒரு மெல்லிய கோட்டைச் சுட்டிக்காட்டினார். நிழற்படம் டாக்டர் எழுதிய கொண்டை ஊசி அதுதான். அதனால் பசை வேண்டாம், அறுவைதான் என்று முடிவு செய்தார்கள். அந்தக் கோட்டைப் பார்க்காமல் பசையை விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணும்போது கை நடுங்குகிறது. செம்மண்பாதை அண்ணன் கேட்ட கேள்வியை நானும் அவரிடம் கேட்டேன். பொறுமையாகத் தமிழிலேயே விளக்கினார்.

முதல் நாளே நான் ஒரு பக்கத் தாளில் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன். தள்ளுவண்டி, செருப்பு, ஸ்டீராய்டு போட்ட இரவு. அந்தத் தாளைக் கோப்பின் முன்பக்கத்தில் இணைத்துவிட்டார்கள்.

பதிவு 14 | செம்மண்பாதை

என் ஐயத்துக்கு இதைவிடத் தெளிவான பதில் இருக்க முடியாது, தங்கை. அப்பா நலமாக வரட்டும்.

பதிவு 15 | ரப்பர்விதை

நான்கு மாதம் கழித்து எழுதுகிறேன். அறுவை முடிந்தது. உறையைத் திறந்தபோது தண்டுவடத்தின் மேல் கிடந்த சிரை தமனியைப்போலச் சிவந்திருந்ததாகவும், இணைப்பில் கிளிப் போட்ட சிறிது நேரத்தில் அது கருநீலமாக மாறியதாகவும் அறுவை மருத்துவர் கூறினார். அப்பா இப்போது வீட்டிலிருந்து பக்கத்து லயத்துக் கோவில் வரை ஊன்றுகோலோடு நடக்கிறார். இடது பாதத்தில் சூடு, குளிர் தெரிகிறது. வலது பாதத்தில் விரல்கள் இன்னும் மரத்தே இருக்கின்றன. சிறுநீருக்கு நாளைக்கு நான்கு முறை குழாய் விட வேண்டியிருக்கிறது. அதை அவரே கற்றுக்கொண்டார்.

மூன்றாம் மாதம் எடுத்த எம்.ஆர்.ஐ. படத்தில் கறுப்புப் புள்ளிகள் மறைந்துவிட்டன, ஆனால் தண்டுவடத்தில் வெளுப்பு இன்னும் சிறிது இருக்கிறது என்று அறிக்கை கூறுகிறது. இணைப்பு முழுவதும் மூடவில்லை என்று இதற்குப் பொருளா?

பதிவு 16 | நிழற்படம்

வெளுப்பு மட்டும் எஞ்சியிருப்பதால் அப்படிப் பொருள் இல்லை. வீக்கம் மாதக்கணக்கில் மெல்ல வடியும், நெடுநாள் பாதிக்கப்பட்ட பகுதியில் சிறிது நிலைத்தும் விடும். புடைத்த சிரைகள் மறைந்ததும், நடை முன்னேறுவதும் நல்ல அடையாளங்கள். நடை மீண்டும் பின்வாங்கினால் மட்டும் அடுத்த படத்துக்காகக் காத்திருக்காமல் உடனே போங்கள். அப்போது ஆஞ்சியோவைத் திரும்பவும் செய்ய வேண்டியிருக்கும். கால் வலுவைவிடச் சிறுநீர் தாமதமாகவே தேறும், சிலருக்கு முழுமையாகத் தேறுவதில்லை. ஒவ்வொரு முறை குழாய் விடும்போதும் எத்தனை மில்லிலிட்டர் வந்தது, அதற்கு முன்பு தானாக எவ்வளவு போனது என்று ஒரு நோட்டில் எழுதி வரச் சொல்லுங்கள். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது அந்த நோட்டையும் எடுத்துச் செல்லுங்கள்.

பதிவு 17 | ரப்பர்விதை

எழுதத் தொடங்கிவிட்டார், டாக்டர். பால் எடை குறித்த பழைய நோட்டில் மீதமிருந்த பக்கங்களில் எழுதுகிறார்.